பெண்கள் நடமாட்டம்

மனு எழுத வந்த தைலம்மாள், என் மேஜைக்கு முன்னால் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனாள். திங்கட்கிழமை காலை, மணி பத்துகூட ஆகவில்லை. மனுநாள் என்றால் எனக்குத் தலைக்கு மேல் வேலை. அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் காகிதக் கட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். "பேரச் சொல்லும்மா" என்று கேட்டுவிட்டு நான் பேனாவைத் திறப்பதற்குள் அவள் தலை தொங்கிவிட்டது. எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். மேஜையை ஒரு தட்டுத் தட்டினேன்.

"ஏம்மா, தூங்கறதுக்கா இங்க வந்த?"

அவள் கண்ணைத் திறந்தாள். வெட்கப்படவில்லை. "ஆமாந் தம்பி, அதுக்குத்தான் வந்தேன். நான் தூங்கணும், அதுக்கு ஒரு மனு எழுதணும்" என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்து, கூட்டம் கலையட்டும், அந்தப் பக்கம் போய் உட்கார் என்று கையைக் காட்டினேன். அவள் போய்ப் புங்க மரத்தில் சாய்ந்தாள். மத்தியானம் ஒரு மணிக்கு நான் போய் எழுப்பும்வரை அசையவே இல்லை.

என் பெயர் அரங்கநாதன். கள்ளக்குறிச்சியில் மனு எழுதிப் பிழைப்பவன். ஊர் தாலுகாவாக இருந்த காலத்திலிருந்து எழுதுகிறேன், மாவட்டம் ஆன பிறகும் அதே பேனாதான். பட்டா, முதியோர் பென்ஷன், பாதைத் தகராறு, மலையில் கரடி, கரும்புத் தோட்டத்தில் பன்றி, எல்லாம் என் கையால் இருபத்தேழு வருடம். எந்த ஆபீஸ் வாசல் என்பது இங்கே வேண்டாம். நடந்த தப்பு என்னுடையது, அதை என் பெயரிலேயே எழுதிக்கொள்கிறேன்.

எழுப்பியதற்காக ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "தூள் கம்மி" என்றாள். பிறகுதான் தெரிந்தது, அவளே டீ விற்கிறவள். பஸ் ஸ்டாண்டில் ராத்திரி ஒன்பது மணியிலிருந்து விடியற்காலை ஐந்து மணி வரைக்கும், கையில் ஒரு கேனோடு. பத்தொன்பது வருடமாக.

"நைட்டுல வியாபாரம், பகல்ல தூங்க வேண்டியதுதானக்கா?" என்றேன். அக்கா என்று வாயில் தானாக வந்துவிட்டது. அறுபது வயது இருக்கும். முழங்கால் இரண்டும் வீங்கி, ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க மேஜையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"பகல்ல எங்க தூங்கறது? தகர கொட்டா. பத்து மணிக்கு மேல உள்ள குந்த முடியாது. பக்கத்துல ரைஸ் மில்லு வேற."

"அப்ப ராத்திரி போவாத. வூட்டுல படு. உன்ன யாரு புடிச்சி வெச்சிருக்கா?"

அதற்கு அவள் சொன்ன கதையைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

தைலம்மாளுக்குக் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் ஊர். அவளும் புருஷன் பாவாடையும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. பத்தொன்பது வருடத்துக்கு முன் பாவாடைக்கு மஞ்சள் காமாலை முற்றி, கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ஆண்கள் வார்டில் ராத்திரி பெண்கள் தங்கக் கூடாது. ஊருக்குப் போனால் காலையில் வந்து சேர நேரமாகும். அதனால் அவள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒருத்தன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போனாள். அவனும் வந்தான். மூன்றாவது தடவை எழுந்தபோது, வறுத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை, விற்றுக்கொண்டிருந்த ஒரு பொம்பளை சத்தமாகக் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, எங்க சுத்திக்கினு கீற? இங்க வந்து குந்து."

அவள் பெயர் கொளஞ்சியம்மாள். முன்னே பின்னே பார்த்ததில்லை. தைலம்மாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பதினோரு ராத்திரி அங்கேதான். பன்னிரண்டாவது நாள் பாவாடை செத்துப் போனான். காரியமெல்லாம் முடிந்த பிறகு மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். தைலம்மாள் ஒரு டீ கேன் வாங்கிக்கொண்டு கொளஞ்சியம்மாள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். கொளஞ்சியம்மாளும் சில வருடத்தில் போய்ச் சேர்ந்தாள். இடம் இவளுடையதாயிற்று.

பஸ் ஸ்டாண்டில் மருந்துக்கடை வெளிச்சம் விழுகிற இடத்தில், நாலு சர்க்கரைச் சாக்கைப் பிரித்துத் தைத்து விரித்திருப்பாள். மலைக்குப் போகிற கடைசி வண்டியை விட்டவர்கள், ஆஸ்பத்திரியில் ஆளை வைத்துவிட்டு வந்தவர்கள், ஒரு மணிக்குச் சேலத்திலிருந்து இறங்கி விடியும்வரை சங்கராபுரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள், தீபாவளி நேரத்தில் ஜவுளிக்கடையில் பத்தரைக்கு வேலை முடிந்த பெண்கள் என்று எல்லோரும் அந்தச் சாக்கில்தான். யாரையும் "எங்க போற" என்று கேட்க மாட்டாள். கிளம்பினவளை அப்படிக் கேட்டால் போகிற காரியம் ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "எந்த வண்டி?" என்பாள். சொன்னதும், யாரை எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்பது அவள் மண்டையில் ஏறிவிடும். எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவாள்.

ஆம்பளைகளை அவள் சமாளிக்கிற விதம்தான் எனக்குப் பிடித்தது. குடித்துவிட்டு எவனாவது சாக்குப் பக்கம் வந்தால் திட்ட மாட்டாள், கத்த மாட்டாள். டீயை ஆற்றிக்கொண்டே கேட்பாளாம்: "எந்தூரு தம்பி? யாரு மவன் நீ?" ரிஷிவந்தியம் என்றால், ரிஷிவந்தியத்தில் எந்தத் தெரு, மாரியம்மன் கோயில் தெருவென்றால் வீரமுத்து உனக்கு என்ன வேண்டும் என்று போய்க்கொண்டே இருக்கும். மூன்றாவது கேள்விக்குள் பையன் நழுவிவிடுவான். பெயரும் ஊரும் கேட்கப்பட்ட இடத்தில் எவனும் நிற்க மாட்டான்.

"சரி, இப்ப இன்னா பிரச்சன?" என்றேன்.

"முட்டி போச்சிங்க. ரா முழுக்க தரையில குந்த முடியல. போன மாசம் சுரம் வந்து மூணு ராத்திரி போவல. நாலாவது ராத்திரி போனா, மலைக்காரப் பொண்ணு ஒண்ணு, சின்னப்பொண்ணுன்னு பேரு, அக்கா பிரசவத்துக்கு வந்திருக்கு. என்னப் பாத்ததும் அழுவுது. மூணு ராத்திரியும் நடந்துக்கினே இருந்துச்சாம். குந்துனா எவனாவது பக்கத்துல வரானாம். நின்னாலும் வரானாம். அதனால பஸ் ஸ்டாண்டச் சுத்தி நடந்துக்கினே இருந்திருக்கு, விடியற வரைக்கும். காலப் பாத்தேன், தம்பி. கொப்புளம்."

அவள் மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் அங்கேயே போய்விட்டது.

பஸ் ஸ்டாண்ட் மூலையில் பெண்கள் ஓய்வறை என்று ஓர் அறை உண்டு. மின்விசிறி இருக்கிறது, உள்ளேயே கழிப்பறை இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதை ராத்திரியும் திறக்க வேண்டும், உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் ஒன்று வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

"தொறந்து வுட்டா அதுங்க பாட்டுக்கு உள்ள படுத்துக்கும். நான் வராட்டியும் யாரும் நடக்க வேண்டியதில்ல. நானும் வூட்டுல ராத்திரியில தூங்குவேன். சுரத்துல கெடந்த மூணு ராத்திரிய வுட்டா, பத்தொம்பது வருசமாச்சிங்க, ராத்திரியில படுத்து."

நான் எழுத ஆரம்பித்தேன். இந்த மாதிரி மனு எனக்கு வாராவாரம் வருவதில்லை. நன்றாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். அந்தச் சின்னப்பொண்ணு விடிய விடிய நடந்தது மனதிலேயே நின்றது. மனு முதல் வரியிலேயே பிடிக்க வேண்டும் என்பது என் தொழில் ரகசியம். இப்படி எழுதினேன்:

"ஐயா, வணக்கம். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இரவு நேரங்களில் பெண்கள் நடமாட்டம் அதிகமாக உள்ளது. இதனால் பெரும் சிரமம் ஏற்பட்டு வருகிறது. எனவே தாங்கள் கருணை கூர்ந்து தக்க நடவடிக்கை எடுக்குமாறும்..."

அதற்குக் கீழே ஓய்வறை, தாழ்ப்பாள், விளக்கு எல்லாம் விவரமாக வந்தன. படித்துக் காட்டினேன். தைலம்மாள் தலையை ஆட்டிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டாள். "ரூம தொறந்துட்டா உங்களுக்கு நானே வூட்டுல டீ போட்டுத் தரேன், பகல்ல" என்றாள். அப்போதே பாதி தூங்கியது போல இருந்தாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தாள். இந்த முறை வரிசையில் நின்று வந்து, ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே கேட்டாள்.

"தம்பி, அன்னிக்கி அந்தக் காயிதத்துல இன்னா எழுதுனீங்க?"

"ஏன், இன்னா ஆச்சி? ரூம தொறக்கலியா?"

வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குக் காவலர்கள் வந்தார்களாம். இரண்டு ஆண், இரண்டு பெண். சாக்கில் பதினான்கு பேர் இருந்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தியாக எழுப்பிப் பெயர், புருஷன் பெயர், இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். கையில் டிக்கெட் இருந்தவர்களை விட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடம் எங்கே டிக்கெட் இருக்கும்? மலைப் பெண்கள் நாலு பேருக்குப் பயத்தில் வாயே திறக்கவில்லை. அவர்களைப் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டு, இனி இங்கே பார்த்தால் வண்டியில் ஏற்றுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்கள்.

"என்ன மட்டும் ஒண்ணும் சொல்லல. ஒரு பொம்பள போலீசு என் கையப் புடிச்சிக்கினு, 'நீதானம்மா மனு குடுத்தது? நல்ல காரியம் பண்ண. உன்ன மாதிரி நாலு பேரு சொன்னாதான் எங்களுக்குத் தெரியுது'ன்னு சொல்லிச்சி. அந்தப் பொண்ணுங்க அத்தினி பேரும் என்னியே பாக்குதுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஒழுங்காக எழுதிக் கொடுத்ததைப் படிக்கத் தெரியாதவர்கள் என்று ஆபீசில் இருந்த எல்லோரையும் வாய்க்கு வந்தபடி பேசினேன். நகல் கட்டை எடுத்து அவள் முன்னால் பிரித்தேன். "நீயே கேளு. நீ சொன்னதத்தான் எழுதியிருக்கேன்" என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

இரண்டாவது வரியைத் தாண்ட முடியவில்லை.

நடமாட்டம். இருபத்தேழு வருடமாக நான் எழுதுகிற சொல். கரடி நடமாட்டம், சிறுத்தை நடமாட்டம், திருடர்கள் நடமாட்டம், சந்தேகப்படும்படியான நபர்கள் நடமாட்டம். அதற்குப் பிறகு 'தக்க நடவடிக்கை'. இந்த இரண்டும் சேர்ந்தால் ஆபீஸ் பாஷையில் அர்த்தம் ஒன்றுதான்: விரட்டுங்கள். அதிலும் ராத்திரி, பஸ் ஸ்டாண்ட், பெண்கள் என்று முன்னால் போட்டுவிட்டால் வேறு எதையும் யாரும் படிக்க மாட்டார்கள். நூற்றுக்கணக்கான மனுவை ஒரே நாளில் பிரித்து அனுப்புகிறவர் முதல் இரண்டு வரியைத்தான் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியாததா? அதை நம்பித்தானே முதல் வரியை அப்படி எழுதினேன். அந்தப் பெண் நடந்தாள் என்று இவள் சொன்னாள். நான் நடமாட்டம் என்று எழுதினேன்.

மூடி மறைத்திருக்கலாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆபீஸ்தான் தப்பாகப் புரிந்துகொண்டது என்று சொன்னால் நம்பியிருப்பாள். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் நின்றுகொண்டிருந்தாள், அந்த முழங்காலோடு.

"அக்கா, தப்பு என்மேல. நான் போட்ட ஒரு வார்த்த" என்று விளக்கிச் சொன்னேன்.

கடைசிவரை கேட்டாள். "அப்ப நாந்தான் கையெழுத்துப் போட்டு அதுங்கள வெரட்டனனா?"

"இல்லக்கா. நான் வெரட்டனேன்."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ராத்திரி வந்து ஒரு தபா பாத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

போனேன். நான் கள்ளக்குறிச்சிக்காரன்தான், ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் எனக்கு என்ன வேலை இருந்திருக்கிறது? அதற்கு முந்தின மாதம்தான் உயரமான கம்பத்தில் பெரிய விளக்கு வைத்திருந்தார்கள். கீழே விழுந்த சில்லறையைப் பொறுக்கலாம், அவ்வளவு வெளிச்சம். தரை சுத்தமாக இருந்தது. பெஞ்சுகள் காலியாக இருந்தன. மருந்துக்கடைக்கு முன்னால் சாக்கு இல்லை. தைலம்மாள் தனியாக ஒரு தூணில் சாய்ந்து நின்றாள். பார்க்கிறவன் ஊர் எவ்வளவு ஒழுங்காகிவிட்டது என்றுதான் சொல்வான்.

"யாரையும் காணோமே, அக்கா."

அவள் என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனாள். கழிப்பறைக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் அகலத்துக்குச் சந்து. ஆண்கள் ஒன்றுக்குப் போகிற இடம், மூக்கைப் பிடிக்காமல் நிற்க முடியாது. விளக்கு வெளிச்சம் அங்கே எட்டவில்லை. என் காலடிச் சத்தம் கேட்டதும் இருட்டில் வளையல் ஒலித்து, உடனே நின்றது.

"பயப்படாதீங்க, நாந்தான்" என்றாள் தைலம்மாள்.

ஆறு பேர் நின்றிருந்தார்கள். உட்கார வழியில்லை, தரை ஈரம். முன்னால் நின்ற பெண்ணின் பெயர் ஆண்டாள், வெள்ளிமலைப் பக்கம் என்று தைலம்மாள் சொன்னாள். தங்கச்சியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள். இடுப்பில் தங்கச்சியின் மூத்த குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"வெளிச்சத்துல போயி நில்லும்மா, இங்க பூச்சி பொட்டு இருக்கும்" என்றேன் நான், பெரிய மனிதன் போல.

"வெளிச்சத்துல நின்னா புடிக்கிறாங்க சார்" என்றாள் ஆண்டாள்.

நான் வீட்டுக்கு வந்து படுத்தேன். என் மனைவி பெரியநாயகி பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைக்கிறவள், நாலரை மணிக்கு எழுந்துவிடுவாள். அன்றைக்கு அவள் எழுந்தபோது நான் கூடத்தில் காகிதங்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரவில் தங்கும் பெண்கள், இரவில் காத்திருக்கும் பெண்கள், இரவு நேரப் பெண்கள், பேருந்து நிலையப் பெண்கள். எதை எழுதினாலும் நாறியது. வயலில் நிற்கலாம், வரிசையில் நிற்கலாம், ராத்திரியில் ஒரு பொம்பளை சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எனக்குத் தெரிந்த ஆபீஸ் தமிழில் ஒரு நல்ல சொல் இல்லை. அத்தனை வருடம் அதை விற்றுத்தான் சோறு தின்றேன் என்று நினைக்க வெறுப்பாக இருந்தது. விஷயத்தைப் பெரியநாயகியிடம் சொன்னேன்.

அவள் அரிசியைக் களைந்துகொண்டே கேட்டாள். "பொம்பளைங்க பொம்பளைங்கன்னு எதுக்கு எழுதிக்கினு கீற? அதுங்களுக்குப் பேரு இல்லியா?"

அவ்வளவுதான். மறு ராத்திரியும் போய், தைலம்மாள் பக்கத்தில் நிற்க, பெயர் கேட்டேன். முதலில் யாரும் சொல்லவில்லை. தைலம்மாள் கெஞ்சினாள். கடைசியில் ஒன்பது பேர் சொன்னார்கள். சடையன் மனைவி ஆண்டாள், தங்கை பிரசவ வார்டில். கமலா, ஜவுளிக்கடையில் வேலை, ரிஷிவந்தியம் வண்டிக்கு. இருசம்மாள், திருப்பூரிலிருந்து வந்தது, காலைச் சங்கராபுரம் வண்டிக்கு. இப்படி ஒன்பது. 'நடமாட்டம்' என்று நான் எழுதியது தவறு, இவர்கள் பயணிகள், நோயாளிகளின் உறவினர்கள் என்று என் பெயரிலேயே எழுதினேன். மனுதாரர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டது அதுதான் முதல் தடவை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எழுதுகிறவன் கொழுப்பு. தைலம்மாளுக்குச் செய்த பாவத்துக்குப் பரிகாரமாக நாலு வரி சேர்த்தேன். "மேற்படி தைலம்மாள் அவர்கள் பத்தொன்பது ஆண்டுகளாக ஓர் இரவுகூடத் தவறாமல் இப்பெண்களுக்குத் துணையாகவும் பாதுகாப்பாகவும் இருந்து வருகிறார். இவரது சேவை பாராட்டத்தக்கது." எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது.

இந்தத் தடவை நேரில் கூப்பிட்டு விசாரித்தார்கள். நல்ல மாதிரிதான் பேசினார்கள். சுருட்டிக்கொண்டு போன சாக்குகூடத் திரும்பி வந்தது. ஒரு மாதத்தில் உத்தரவும் வந்தது. தைலம்மாளை வரச் சொல்லி, மரத்தடியில் உட்கார வைத்துப் படித்தேன். ஓய்வறை இரவு ஒன்பதரை முதல் காலை ஐந்து வரை திறக்கப்படும். தாழ்ப்பாள், விளக்கு சரி செய்யப்படும். பெயர், ஊர், செல்ல வேண்டிய வண்டி எழுத ஒரு நோட்டு வைக்கப்படும். அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அடுத்த வரியைப் படித்தேன்.

"நீண்டகாலமாக இப்பணியைச் செய்து வரும் தைலம்மாள் என்பவரே அறையின் இரவுப் பொறுப்பாளராக இருந்து, தினமும் நேரில் கையொப்பமிட்டுச் சாவியைப் பெற்று, காலையில் கையொப்பமிட்டு ஒப்படைக்க வேண்டும்."

"அப்படின்னா?" என்றாள்.

"சாவி உன்கிட்டதான் குடுப்பாங்க. வேற யாருகிட்டயும் குடுக்க மாட்டாங்க."

"தெனமுமா?"

"தினமும்னுதான் போட்டிருக்கு."

அவள் சிரித்தாள், சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அவசரமாக ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன்.

"அக்கா, இப்பவே இன்னொண்ணு எழுதிடறேன். வயசாயிடுச்சி, முட்டி வலி, வேற ஆளப் போடுங்கன்னு."

"வேணாந் தம்பி" என்றாள். "நீங்க எழுத எழுத எனக்கு வேல ஜாஸ்தியாய்க்கினே போவுது."

அறை திறந்தது. முதல் வாரம் ஏழு பேர், பிறகு பன்னிரண்டு, பதினைந்து என்று ஆனது. மலைப் பெண்கள் பகலிலேயே வந்து அந்தக் கதவைப் பார்த்து வைத்துக்கொண்டு போனார்களாம். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு காற்றாடிக்குக் கீழே தூங்கினார்கள். தைலம்மாள் வாசற்படியில் கேனோடு உட்கார்ந்திருந்தாள், கதவைத் தட்டுகிறவள் யார் என்று பார்த்துத் திறக்கச் சொல்ல. நான் வாரத்தில் ஒரு நாள் வந்து உட்காருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "பொம்பளைங்க ரூமு வாசல்ல ராத்திரி ஒரு ஆம்பள குந்துனா, அதுக்கு ஒரு மனு வரும்" என்றாள். அதுவும் சரிதான்.

பெரியநாயகிதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சத்துணவு கிடையாது, அதனால் சனிக்கிழமை ராத்திரி தான் போய் வாசலில் உட்காருவதாக. எனக்கு முதலில் பிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரியில் என் மனைவி பஸ் ஸ்டாண்டிலா என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டு, நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன். தைலம்மாள் சாவி வாங்கக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு வீட்டில் போய்ப் படு, அக்கா என்று சொல்லிவிட்டு நான் திரும்பிவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கப் போகிறாள் என்ற சந்தோஷத்தில் எனக்கே நல்ல தூக்கம் வந்தது.

காலையில் ஐந்தரை மணிக்குப் பெரியநாயகி வந்தாள். செம்பில் தண்ணீரை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"இன்னா, எல்லாம் நல்லபடியா போச்சா? அந்தக்கா வூட்டுக்குப் போச்சா?"

"எங்க போறது? ஒம்பதரைக்குத்தான் சாவி குடுக்கறாங்க. கச்சிராயபாளையத்துக்குக் கடைசி டவுன் பஸ்ஸு ஒம்பது மணிக்கே பூடுச்சி."

இத்தனை வருடமும் மாலை வண்டியில் வந்து விடியற்காலை வண்டியில் போகிறவள். ஒன்பதரை மணிக்கு ஊருக்குப் போக வேண்டிய அவசியமே அவளுக்கு வந்ததில்லை. அவளுக்கும் தோன்றவில்லை, உத்தரவு போட்டவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"அப்புறம் இன்னா பண்ணுச்சி?"

"இன்னா பண்ணும்? கொஞ்ச நேரம் வெளிய நின்னுக்கினே இருந்துச்சி. அப்புறம் உள்ள போயி, 'எங்கூரு வண்டி பூடுச்சிம்மா, செத்த நவுந்துக்கிறீங்களா'ன்னு கேட்டுச்சி. புதுசா வந்த பொண்ணுங்க, அதுங்களுக்கு இது யாருன்னே தெரியாது. ஓரத்துல ஒரு பொண்ணு நவுந்து எடம் குடுத்துச்சி. நோட்டுல நான்தான் எழுதுனேன். தைலம்மாள், கச்சிராயபாளையம், மொத வண்டி."

"தூங்குச்சா?"

"படுத்ததுதான். நடுவுல ஒரு கொழந்த அந்த அழுவ அழுவுது, அசையல. அஞ்சு மணிக்கு நான் போயி எழுப்பினா எழுந்துக்கல. தோளப் புடிச்சி ஆட்டனேன். கண்ணத் தொறக்காமியே, 'யம்மா, இன்னும் செத்த நேரம்மா'ன்னு சொல்லிச்சி. என்னவிட பத்து வயசு பெரியவங்க, என்னப் போயி."

பெரியநாயகி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"எழுப்பாம வுட்டுட வேண்டியதுதானே?" என்றேன்.

"எப்பிடி வுடறது? கையெழுத்து அதுதான போடணும்?"